வெள்ளைத் துணி விரித்த ஆசனம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், தம்பி சாக்கியநாதன், மருமகள் யசோதரை, புகைப்படத்தில் என் மனைவி. அவளுடைய நினைவு நாள். சரணம் சொல்லித்தர வேண்டிய பிக்கு வரவில்லை. வெள்ளைத் துணி விரித்த அவருடைய ஆசனத்தில் மருமகள் தன் கைப்பேசியை வைத்து, அதில் பேசும் செயற்கை நுண்ணறிவை எழுப்பினாள்.

“இதுக்குப் பாலி எல்லாம் அத்துப்படி மாமா.”

“பாலி தெரிஞ்சா பிக்குவா? பிக்குகள் உடுத்துற துவராடை போடாத யாரும் அதுல உக்காந்ததில்ல. எடுத்துப் பாயில வை.”

“அப்ப யாருதான் சொல்றது? அண்ணி எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க?” என்றான் தம்பி.

பாயில் உட்கார்ந்து நானே சொன்னேன். “புத்தம் சரணம் கச்சாமி.” அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பாய்க்கு மாற்றிய கைப்பேசியும் சொன்னது. இரண்டாம் முறை தம்பி தடுமாறினான், அது தடுமாறவில்லை. மூன்று முறையும் முடிந்ததும், சொல்லித்தந்தவர் ‘சாது’, அதாவது ‘நன்று’, என்று சரணடைந்தவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். சொன்னால் பாயில் கிடப்பதும் சரணடைந்ததாக ஏற்றதாகிவிடும். சொல்லாவிட்டால் அவளுடைய நாள் பாதியில் நின்றுவிடும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் கால்விரல்கள் பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

“சாது,” என்றேன்.

எங்கள் குடும்பம் இயந்திரத்திடம் சரணம் வாங்கியதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அதுதான் எங்களிடம் வாங்கியது.