நான்காம் பக்கம்

"சார், அது நமக்குக் குடுத்த பந்து! நமக்கே குடுத்ததுக்கு எதுக்கு கார்டைத் தூக்குறீங்க?"

அணித் தலைவி இந்துவின் குரல் கீச்சிட்டது. பயிற்சியாளர் சூசைமுத்து மஞ்சள் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார்.

நடுவர் திருமலைச்சாமி ஓடி வந்தார். "சார், ஒங்களுக்குச் சாதகமாத்தான சொல்லியிருக்கேன்?"

"தெரியுதுங்க. அது தப்புங்கிறேன். வீடியோவைப் பாருங்க."

மதுரை அணி இருந்த பக்கம் சிரிப்பு வெடித்தது. "சாருக்கு ரூல் புரியலை போல. யாராச்சும் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கப்பா!"

கொடைக்கானலில் நடக்கும் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியில் இந்த வருடம் சோதனைக்காகப் புது விதிகள். நான்கு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நடுவர் சொன்னதில் சந்தேகமென்றால் பயிற்சியாளர் அட்டையைத் தூக்கலாம், ஆட்டத்துக்கு மூன்று தடவை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவர் வீடியோ பார்ப்பார். சந்தேகம் தவறென்றால் எதிரணிக்கு இரண்டு புள்ளி இனாம்.

இந்து முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். சூசைமுத்து சார்தான் காலையிலிருந்து அந்தத் தாளின் நான்காம் பக்கத்தை மடிப்பு கிழிகிற அளவுக்கு விரித்து விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

படித்து என்ன பயன்? லேப்டாப் முக்கி முனகி வீடியோவைக் காட்டியது. திருமலைச்சாமி விசிலை ஊதினார்.

"முடிவு சரிதான். மதுரைக்கு ரெண்டு பாயிண்ட்."

நான்கு புள்ளி பின்தங்கியிருந்த இந்துவின் கொடைக்கானல் அணி இப்போது ஆறு புள்ளி பின்னால். இன்னும் எட்டு நிமிட ஆட்டம் இருந்தது.

இது அரையிறுதி. தோற்றால் அதோடு சரி. இறுதி ஆட்டத்தில் ஆடுகிறவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். இந்துவுக்கு இது கடைசி வருடம். குறி தப்பாமல் பந்து போடுகிற வள்ளியோ திண்டுக்கல்லில் அரியர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸில்தான் மலையேறுவாள்.

"அக்கா, சார் ஆட்டத்தையே பாக்கலை" என்று பிரியா கிசுகிசுத்தாள். "மேட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

இந்துவும் திரும்பிப் பார்த்தாள். மைதானத்துக்கு மேலே சரிவில் கல்லறைத் தோட்டம். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சிலுவைகள். சாரின் மனைவி மாரியாயி அங்கே போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

ஆட்டமென்றால் சுக்குக்காப்பி ஃபிளாஸ்க்கோடு முதல் ஆளாக வந்து உட்காருபவர் மாரியாயி அக்கா. கம்பியில் காயும் துணியை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வதுதான் ஹாஸ்டலில் சட்டம்.

"பாக்கட்டும், விடு" என்றாள் இந்து.

இரண்டாவது அட்டை இன்னும் மோசம். பிரியாவின் கையில் பட்டுப் பந்து வெளியே போனதை ஊரே பார்த்தது. பிரியாவே ஒப்புக்கொண்டு கையைத் தூக்கினாள். சார் அட்டையைத் தூக்கினார்.

"எங்க டீமுக்குக் கோச்சா வந்துருங்க சார்!" என்று மதுரைப் பக்கமிருந்து ஒரு குரல். "சம்பளமே வேண்டாம்போல!"

மறுபடி லேப்டாப். மறுபடி விசில். மறுபடி இரண்டு புள்ளி.

மூன்று நிமிடம் இருக்கும்போது, ஒன்பது புள்ளி பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். சார் மேட்டைப் பார்த்தார். கடைசி அட்டையை எடுத்தார்.

இந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "வேண்டாம் சார். நீங்க வீட்டுக்குப் போங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்."

"பொறு தாயி. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"எதுக்கு சார்? அவங்களுக்கு இன்னும் ரெண்டு பாயிண்ட் குடுக்கவா?"

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அட்டையை உயர்த்தினார். திருமலைச்சாமி இந்தத் தடவை ஓடி வரவில்லை, நடந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, ஒடம்புக்கு எதும் முடியலையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. வீடியோவைப் பாருங்க. நிதானமாப் பாருங்க."

நிதானமாகவே பார்த்தார். பதினோரு புள்ளி வித்தியாசம் ஆனது.

ஆட்டம் தொடர்ந்தது. இந்து கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பந்தை வாங்கினாள். இரண்டு பேரைத் தாண்டினாள். எம்பிப் போட நிமிர்ந்தாள்.

கூடையைக் காணோம்.

கம்பத்தைக் காணோம். எதிரே நின்ற பெண்ணின் சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. மைதானம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. திருமலைச்சாமி நடுக்கோட்டில் நின்று இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தார். "இதுக்கு என்ன ரூல்னு தெரியலையே..."

நன்றாக மடிப்பு விழுந்த ஒரு தாள் அவர் முன்னால் நீண்டது. "நாலாம் பக்கம். பதினேழாவது விதிங்க" என்றார் சூசைமுத்து.

நடுவர் தாளைக் கண்ணருகே வைத்து வாய்விட்டுப் படித்தார். "நடுக்கோட்டிலிருந்து இரண்டு கூடைகளும் தெரியாத அளவுக்கு மேகம் மூடினால் ஆட்டம் ரத்து. மறுநாள் காலை முதலிலிருந்து ஆட வேண்டும்."

"முதல்லருந்தா?" மதுரைப் பயிற்சியாளர் மேகத்துக்குள்ளிருந்து கத்தினார். "பதினோரு பாயிண்ட் லீடு இருக்குங்க!"

"பூஜ்யத்துலருந்துங்க."

சூசைமுத்து இந்துவின் தோளில் ஸ்வெட்டரைப் போட்டார். "வள்ளிக்குப் போனைப் போடுத்தா. ராத்திரி வெள்ளனே தூங்கச் சொல்லு. காலையில ஆட்டம்."

இந்து அவர் முகத்தையே பார்த்தாள். "சார்... நீங்க அக்கா கல்லறையத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சோம்."

"அதத்தான் பாத்தேன் தாயி" என்றார் சூசைமுத்து. "அந்தச் சிலுவைங்க மறைஞ்சா பத்தே நிமிசம், மேகம் கிரவுண்டுக்கு வந்துரும், துணிய எடுங்கடின்னு அவதான சத்தம் போடுவா."