நாச்சியாபுரம் தாண்டி

நாச்சியாபுரம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும், வழக்கம்போல, டீசல் அம்பாசடர் ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றது.

முனீர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். திருப்பத்தூரில் பழைய கார் வாங்குகிறவர் காத்திருக்கிறார். தள்ளிக்கொண்டாவது போய்க் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பக்கத்தில் அவன் மனைவி லத்தீபா இருந்தாள்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை இந்தக் காரில் ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம், இனி ஷார்ஜா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் முனீர் ஊருக்கு வந்திருந்தான். கார் போனால் புருஷனும் விமானம் ஏறிவிடுவான். மறுபடி பார்சல் கட்ட வேண்டும். லத்தீபா கட்டிய ஊறுகாய் பாட்டில் கடல் தாண்டினாலும் சொட்டு எண்ணெய் கசியாது என்று தெருவே சொல்லும். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவளுக்குப் புருஷன் வேண்டும்.

மெக்கானிக்குகள் கைவைக்காத இடமில்லை. ஃபில்டர் புதுசு. பம்ப்பையும் கழற்றி மாட்டியாயிற்று. வாசலில் நன்றாக உறுமுகிற வண்டி, கொஞ்ச தூரம் ஓடினால் படுத்துவிடும். நின்ற இடத்தில் முனீர் மூடியைத் திறந்து கேனிலிருந்து டீசல் ஊற்றினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

டேங்கில்தான் டீசல் இருக்கிறதே. பிறகு ஊற்றினால் ஏன் கிளம்புகிறது?

லத்தீபா இறங்கிப் பின்பக்கம் போனாள். டேங்க் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் எங்கிருந்து வரும்? காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டாமா? கழுத்தை நெரித்துவிட்டு ஓடு ஓடு என்றால் பாவம், அது எங்கே ஓடும்!

மூடியின் உட்பக்கம், காற்றுத் துளையை அடைத்தபடி, பிளாஸ்டிக் தாள் ஒன்று இறுக்கமாக மடித்துக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. அவசரமாக உருவிக் கைப்பைக்குள் திணித்தாள். வெறும் மூடியைப் போட்டு மூடினாள்.

"எடுங்க மச்சான். இனி நிக்காது."

முனீர் நம்பிக்கையில்லாமல் பானெட்டைத் திறந்து, டீசல் ஏற்றும் கைப்பம்ப்பை நாலு அடி அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினான்.

கார் பறந்தது. திருப்பத்தூர் வந்தது. பழைய கார் கடைக்காரர் எழுந்து நின்று கையைக் காட்டினார். முனீர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அவரைத் தாண்டிப் போனான். லத்தீபாவுக்கு இறக்கை முளைத்ததுபோல் இருந்தது.

"காத்துப் போகாம மூடிக்குள்ள எந்த மடையன் தாளக் கட்டுனானோ!" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"மூடியத் தொறக்கையில எல்லாம் பாத்தேன் புள்ள. டீசல் வாடை ஆகலன்னு நீ கட்டுனதாச்சே, அதுல குத்தம் இருக்காதுன்னு நானே பத்திரமா மூடி வச்சேன்."