கைக்குட்டையில் வந்த கத்தி

வந்தவர் கத்தியைக் கைக்குட்டையால் பிடித்திருந்த விதமே பக்தவத்சலத்துக்குப் பிடித்துப்போயிற்று. விரல் வேர்வை பட்டால் அலகு துருப்பிடிக்கும் என்று தெரிந்த ஆள். ஆவடியில் தன்னைப் போல் தாய்லாந்துக் கத்தி சேர்க்கும் இன்னொரு கிறுக்கன் இருக்கிறான் என்று மகிழ்ந்துபோய், பார்த்தவுடனே விளக்க ஆரம்பித்தார்.

"பேய் ஓட்டுற பூஜைக் கத்தி சார் இது. தந்தப் பிடி. உள்ளே மந்திரிச்ச பொடி அடைச்சிருப்பாங்க."

"அவ்ளோ நிச்சயமா சொல்றீங்களே."

"இருபது வருஷமா இதே பைத்தியம்தான். ஆனா எந்த மடையன் இதுக்குச் சாணை புடிச்சான்? பூஜைக் கத்திய கூராக்கவே கூடாது."

"இந்தப் பக்கம் வேற யார்கிட்டயாவது இருக்குமா?"

"என்னைத் தவிர ஒருத்தன்கிட்டயும் கிடையாது. என்னுதுல பிடியில சின்ன வெடிப்பு இருக்கும், காட்றேன். புஷ்பா, பீரோவுல கீற தந்தப்பிடிக் கத்திய எடுத்துகினு வாம்மா."

மருமகள் வெறும் உறையோடு வந்தாள்.

"நேத்து உங்க புள்ளதான் சாணை புடிக்க எடுத்துகினு போனாரு மாமா. ராத்திரி வந்து படுத்தவரு இன்னும் எழுந்திருக்கல."

பக்தவத்சலம் குனிந்து பார்த்தார். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த பிடியில் அந்த வெடிப்பு இருந்தது.

"உங்ககிட்ட வித்துட்டானா அந்தத் தறுதலை?"

"விக்கல சார். பட்டாபிராம் தண்டவாளத்தோரம் செத்துக் கிடந்தவன் வயித்துல இருந்துச்சு. நான் இன்ஸ்பெக்டர்."

வந்தவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"கத்தி யாருதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. பையன எழுப்புங்க."