ஏழாவது குப்பி

ஆய்வில் உழைத்த எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்விதழ் கட்டுரையை வாங்கும். கருவிகளும் இதில் சேர்த்தி. கெடு மாலை ஐந்து மணி. தவறினால் கட்டுரை எழுதிய ஆய்வாளர் ஜெபமலரின் வேலை போய்விடும். நுண்ணோக்கியும் தராசும் காலையிலேயே போட்டுவிட்டன. ஃப்ரீசர்தான் முரண்டு பிடித்தது.

“ஏழாவது குப்பியில கிருமி செத்தது ஒங்க மருந்தாலன்னு எழுதியிருக்கீங்க. நான் எப்படிக்கா கையெழுத்துப் போடுவேன்?”

“பெறவு எதால?”

“சார் தெனமும் மீன்கொழம்பு டப்பாவ எனக்குள்ளதான வைக்காரு. ஒருநா வைக்கும்போது அந்தக் குப்பியில சிந்திட்டாரு. மத்த குப்பியில எல்லாம் ஒங்க மருந்தக் குடிச்சிட்டுக் கிருமி நல்லா கொழுத்துக் கெடக்கு.”

பேராசிரியர் சூசை கூரையைப் பார்த்தார்.

மூன்று வருடம் உழைத்த மருந்தின் பெயரை அழித்துவிட்டு, ஜெபமலர் தலைப்பில் மீன்குழம்பு என்று எழுதினாள். ஃப்ரீசர் உடனே கையெழுத்துப் போட்டது. இனி குழம்பு வைத்தவரும் போட வேண்டும். பேராசிரியரின் மனைவி ரோஸ்லினை போனில் பிடித்தாள்.

“எம் பேரு மொதல்ல வரணும். தூக்கிட்டு வந்தவருக்குக் கடைசில ஒரு எடம் போதும்.”

“சரி மேடம். செய்முறையில அளவு கேக்காங்க. புளி எத்தன கிராம்?”

“கிராமா? எல்லாம் கண்ணளவுதாம்மா.”

கண்ணளவு என்றே எழுதி, ரோஸ்லினின் கையெழுத்தையும் வாங்கி, அனுப்பும் பொத்தானை அவள் அழுத்தப் போனபோது மணி நாலு ஐம்பத்தெட்டு. அதற்குள் மூலையில் இருந்த தராசு தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.