நூற்றிருபது தடவை

"முப்பத்தெட்டா? பகடைக்குப் பைத்தியமா, உனக்கா?"

ஷாஹிந்தாவின் தாளைப் பார்த்ததும் ரொட்டியை மெல்வதையே நிறுத்திவிட்டாள் நெர்மீன்.

எகிப்தின் மன்சூரா நகரில் ஒரு கல்லூரியின் புள்ளியியல் வகுப்பில் நாற்பது பேர். பேராசிரியர் டாக்டர் வஹ்தான் ஆளுக்கொரு பகடை கொடுத்திருந்தார். வீட்டில் நூற்றிருபது தடவை எறிந்து, எந்த எண் எத்தனை தடவை விழுந்தது என்று எழுதி, கை-ஸ்கொயர் போட்டு வர வேண்டும்.

ஒழுங்கான பகடை என்றால் எண்ணுக்குச் சுமார் இருபது தடவை விழ வேண்டும். அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கிற கணக்குதான் கை-ஸ்கொயர். விடை பதினொன்றைத் தாண்டினால், ஏதோ தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஷாஹிந்தாவின் விடை இருபத்து மூன்று. ஆறு முப்பத்தெட்டு தடவை, ஒன்று ஒன்பதே தடவை. நெர்மீனின் தாளிலோ பத்தொன்பதும் இருபதும் இருபத்தொன்றும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"திரும்பவும் எறிஞ்சு பார்த்தேன்டி. அப்பவும் ஆறு முப்பத்தாறு. ஏன்னு மண்டையைக் குடையுது."

"காபிக் கடையில பகடை ஆடுற உங்கப்பாகிட்ட எறியக் கத்துக்கிட்டியா? பேசாம மாத்தி எழுது. போன வருஷம் மாதிரி இப்பவும் பெயிலானா காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க."

அது உண்மைதான். ஷாஹிந்தா தாளை அருகில் இழுத்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். கண்ணால் பார்த்த ஆறை இல்லையென்று எழுத மனசு வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டாள்.

அடுத்த வகுப்பில் டாக்டர் வஹ்தான் ஒரு தாளைத் தனியாக எடுத்தார்.

"ஷாஹிந்தா, எழுந்திரும்மா. முப்பத்தொன்பது பேருக்கு எல்லாமே இருபதை ஒட்டி விழுந்திருக்கு. உனக்கு மட்டும் என்ன கோளாறு?"

வகுப்பு சிரித்தது. "அப்பவே சொன்னேன்," என்று முணுமுணுத்தாள் நெர்மீன்.

"தெரியல டாக்டர். ரெண்டு தரம் எறிஞ்சு பார்த்துட்டேன். எனக்குப் பகடை மேலதான் சந்தேகம்."

"உட்காரு. உனக்கு முழு மார்க்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"நாற்பது பகடையிலும் ஒண்ணு இருக்கிற பக்கத்தைத் துளைச்சு ஈயம் வெச்சது நான்தான். எறிஞ்சா ஆறுதான் அதிகமா விழும்," என்றவர், மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கெல்லாம் இருபது எப்படிப்பா விழுந்துச்சு?"