தேனிலவுக்கு வந்த மாமியார்

“கண்ணைத் துடைச்சுக்கிட்டு உன் ரூமுக்குப் போ. அழுதா எனக்குக் கெட்ட கோபம் வரும்!”

எதிர் அறை வாசலில் நின்று மாமியார் அதட்டிக்கொண்டிருந்தாள். கப்பலின் குறுகலான நடைவழியில், தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு மருமகள் நின்றிருந்தாள். “அத்தை...” என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பித் தன் அறைக்கு நடந்தாள்.

பாதி திறந்த தன் அறைக் கதவு வழியாக இதைப் பார்த்த டீச்சருக்கு மனசு ஆறவில்லை. “பாவம், புதுப்பொண்ணு. மாமியார்தான் மத்தியானம் படுத்துக்கத் துணைக்குக் கூப்பிட்டிருப்பா. என்ன குறையைக் கண்டாளோ, விரட்டிட்டா” என்றாள் கணவரிடம்.

“உனக்கெதுக்கு ஊர் வம்பு? ஜன்னல் வழியா கடலைப் பாரு.”

“கடல் எங்கேயும் ஓடிடாது.”

அவருக்கு என்ன தெரியும்? டீச்சர் கல்யாணமாகி வந்தபோது, மாமியாரின் கட்டில் இவர்கள் அறை வாசலை ஒட்டித்தான் கிடந்தது. அவர் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தால் மூன்றாகத்தான் எடுப்பார். இருவரும் தனியாகக் கிளம்பிய முதல் பயணமே இதுதான், முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு.

கப்பல்காரர்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சாப்பாட்டு மேஜையை ஒதுக்கியிருந்தார்கள். முதல் நாளே அந்த மாமியார் அறிமுகம் செய்துவைத்தாள். “இவ என் மருமக. இவர் அவ வீட்டுக்காரர். இப்பத்தான் கல்யாணம் ஆச்சு.”

பிள்ளையைச் சொல்கிற அழகைப் பார், என்று டீச்சர் உள்ளுக்குள் பொருமினாள். கல்யாணமான மறுநாளே பிள்ளை பெண்டாட்டி பக்கம் போய்விட்டானாம், அதற்கு ஒரு குத்தல்!

ஆனால் பிள்ளை ஒன்றும் போய்விடவில்லை. “அம்மா, உங்களுக்கு என்ன எடுத்துட்டு வரட்டும்?” என்று கேட்டு, பதார்த்தங்கள் வரிசையாக வைத்திருந்த இடத்தில் நின்று, முதல் தட்டை அவளுக்குத்தான் கொண்டுவந்தான். பெண்டாட்டிக்கு அப்புறம்தான்.

அன்று சாயங்காலம் எல்லாரும் உடுத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். கப்பலின் பெரிய மாடிப்படியில் புது ஜோடியை நிறுத்தி, போட்டோக்காரர் தலையைச் சாய்க்கச் சொன்னார். மாமியார் தூணோரம் ஒதுங்கி நின்றாள். மருமகள் படியிறங்கி ஓடி வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் நடுவில் நிறுத்தினாள்.

“பாத்தீங்களா, எவ்வளவு பயமுறுத்தி வச்சிருக்கா! இழுக்கலைன்னா ராத்திரி பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா போல” என்று டீச்சர் கணவரின் விலாவில் இடித்தாள். “சிவபூஜையில கரடி!”

மறுநாள் காலை மேல்தளத்தில் நல்ல வெயில். நீச்சல் குளத்தில் அந்தப் பையன் நீந்தத் தெரியாமல் தத்தளிப்பது போல வேடிக்கை காட்ட, கரையில் உட்கார்ந்திருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ஏறின நாளாக அவள் சிரித்து டீச்சர் பார்த்தது அப்போதுதான்.

மாமியார் தூரத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவர்களையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

மருமகள் சிரித்தால்கூடப் பொறுக்கவில்லை! டீச்சர் விறுவிறுவென்று போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. சின்னஞ்சிறுசுங்க வர்ற இடத்துக்கு நீங்க எதுக்கு?”

“எனக்கும் அதே நினைப்புதாம்மா. வரமாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க வந்தாத்தான் போவேன்னு அவ ஒத்தைக் கால்ல நின்னா.”

“நிக்க மாட்டாளா? உங்களை விட்டுட்டு வந்தா திரும்பிப் போனதும் என்ன பாடு படணுமோன்னு பயம்!”

குளத்தோரம் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மாமியார் அவளிடம், இங்கே பார்க்காதே, அவரைக் கவனி என்பது போலக் கையை மட்டும் ஆட்டினாள்.

டீச்சருக்கு அது அதட்டலாகவே பட்டது. முப்பது வருஷமாகத் தன் மாமியாரிடம் கேட்காமல் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்தது.

“நானும் ஒரு மாமியார்கிட்ட குப்பை கொட்டினவதான். அவங்க செத்து நாளாச்சு, இன்னும் எனக்கு மனசு ஆறலை. உங்க மருமக நாளைக்கு உங்களைப் பத்தி அப்படி நினைக்கணுமா?”

“வேண்டாம்மா” என்றாள் அவள், மெதுவாக. “என்னை மறந்துட்டாக்கூடப் பரவாயில்லை. அவ நல்லா இருக்கணும்.”

“அப்புறம் என்ன? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பிள்ளையை விட்டுட்டு உங்களால இருக்க முடியாதா?”

அவள் குளத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“மூணு வருஷமா இருக்கேனேம்மா. இவர் என் மருமகளுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை.”