பத்தாம் நம்பர் செருப்பு

அமலோற்பவம் தனியாக இருப்பது வெளியாட்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் கணவர் இறந்து ஆறு வருடமாகியும் அவருடைய பத்தாம் நம்பர் தோல் செருப்பு வாசலிலேயே கிடந்தது. தினமும் அதைச் சுற்றிப் பெருக்குவாள். தொட மனம் வராது. அன்று பகலில் காலிங் பெல் அடித்தது. சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தாள். தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் என்றான் ஒருவன். அவள் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. வழக்கம்போல் காலி வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னங்க, ஃபில்டருக்கு ஆள் வரச் சொன்னீங்களா?" சற்றுப் பொறுத்து, "வேணாமாம்ப்பா" என்றாள். அவன் போகவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார் வெளியவே போறதில்லையாம்மா? செருப்புல சிலந்தி வலை கட்டியிருக்கு."

"முட்டி வலி" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் காதை வைத்துக் கேட்டாள். வெளியே செருப்பைத் தரையில் தட்டி உதறும் சத்தம். பிறகு சரக் சரக்கென்று நடை. முப்பது வருடம், சாயங்காலம்தோறும், காதில் விழுந்ததும் அவள் எழுந்துபோய்க் கதவு திறந்த அவருடைய அதே நடை. அது படியிறங்கவில்லை. கதவருகே வந்து நின்றது. பழக்கத்தில் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று.